ஸ்பீக்கர் வைக்க வேண்டிய இடம்

என் மாமா டமாரச் செவிடு என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதில் பொய் இல்லை. முதுகுக்குப் பின்னால் தட்டு விழுந்தால் திரும்பமாட்டார். வாசல் மணி அடித்தால் அசையமாட்டார். ஆனால் இந்தத் தெருவுக்கே முதல் ரேடியோ அவர் வீட்டுக்குத்தான் வந்தது என்பதை இப்போது யாரும் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் அவருக்கு ரேடியோக்காரர் என்று பெயர். அப்படிக் கூப்பிட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், பெயரும் அவர்களோடு போய்விட்டது.

மாமா என் அம்மாவின் அண்ணன். அவர் கட்டிய வீட்டின் மாடியில் இரண்டு அறையில் நான் குடியிருக்கிறேன். எனக்கு மருந்துக்கடையில் வேலை. கீழ் வீட்டில் மாமாவும், அவருடைய ஒரே மகனும், மருமகளும், கல்லூரிக்குப் போகும் பேத்தியும் இருக்கிறார்கள். மகனை நான் அத்தான் என்பேன். அவர் மனைவியை அக்கா என்று கூப்பிடுகிறேன், கூப்பிடுவதோடு சரி. மாமாவின் மனைவி, என் அத்தை, இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவள் உயிரோடு இருந்திருந்தால் நான் இதையெல்லாம் சொல்ல வேண்டியே வந்திருக்காது.

மாமா நெசவு மில்லில் தறி ஓட்டியவர். ஒரே கூரைக்குக் கீழே வரிசை வரிசையாகத் தறிகள், எல்லாம் ஒரே சமயத்தில் அடிக்கும். உள்ளே போய் நின்றால் சத்தம் காதுக்கு முன்னால் பல்லில் தெரியும் என்று என் அம்மா சொல்வாள். அம்மாவும் அத்தையும் அதே மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தவர்கள். அங்கே தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பார்கள், எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வம்பளப்பார்கள். மேஸ்திரியை வைத்துக்கொண்டே மேஸ்திரியைத் திட்டுவார்கள். அவர் இந்தப் பக்கம் திரும்பினால் எல்லாருடைய வாயும் ஒட்டிக்கொள்ளும். புதிதாக வந்தவன் புதர் மாதிரி மீசை வைத்திருந்தால், "ஒண்ணு மீசைய எடு, இல்லேன்னா பேசாத" என்று முதல் நாளே சொல்லிவிடுவார்களாம்.

மாமாவும் அத்தையும் பழகியதே இப்படித்தான். ஊர் அறியாமல் காதலித்தார்கள் என்று மற்றவர்களைச் சொல்வார்கள். இவர்கள் ஊரே பார்க்க, ஒரு சத்தம் இல்லாமல் காதலித்துக் கல்யாணமும் பண்ணிக்கொண்டார்கள். பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. யார் வீட்டு விசேஷத்துக்காவது போனால் ஆண்கள் பக்கம் இவரும் பெண்கள் பக்கம் அவளும் உட்கார்ந்துகொண்டு, விருந்தில் உப்பு கம்மி என்பதிலிருந்து எப்போது கிளம்பலாம் என்பது வரை பேசி முடித்துவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அவர்கள் ஏதோ மென்றுகொண்டிருப்பதுபோலத் தெரியும்.

ரேடியோவை மாமா வாங்கியது கல்யாணமான புதிதில். பெரிய மரப்பெட்டி. குமிழைத் திருகிவிட்டு அது சூடேறிப் பேச ஆரம்பிக்கும்வரை எல்லாரும் அதன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மில்லிலிருந்து வந்து கைகால் கழுவியதும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். "நாள் பூரா காதுல அடிச்ச அழுக்கைப் பாட்டுதான் கழுவுது" என்பார். சன்னலுக்கு வெளியே தெருப்பிள்ளைகள் நிற்பார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று பெட்டியைச் சன்னல் பக்கம் திருப்பி வைப்பார். அப்போதெல்லாம் குமிழைக் கால்வாசி திருப்பினாலே போதும்.

சில வருடங்களில் அது அரைவாசி ஆனது. "ரேடியோ மங்கிப்போச்சு" என்று மாமா சொன்னார். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பழுது பார்ப்பவர் பிரித்து, தூசி தட்டி, மாட்டி, "இதுக்கு ஒரு கேடும் இல்லைங்க" என்று திருப்பிக் கொடுத்தார். மாமாவுக்குக் கோபம். இவனுக்கு வேலை தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, கையில் தூக்கிப் போகிற புது டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கினார். அது கொஞ்ச நாளில் மங்கியது. பிறகு கேசட் போடுகிற டேப் ரெக்கார்டர் வந்தது, ரேடியோவும் அதிலேயே இருந்தது. அதுவும் மங்கியது. ரேடியோ எப்படி மங்கும்? மங்கியது எது என்று வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. புது செட் வந்த ஒவ்வொரு முறையும் மாமாவின் காதில் இன்னும் கொஞ்சம் செத்திருந்தது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், மாமாவுக்கு ஜம்பம் ஜாஸ்தி, தெருவில் யார் வீட்டிலும் இல்லாதது தன் வீட்டில் இருக்க வேண்டும் என்று அலைகிறார் என்பதுதான்.

அத்தைக்கு மட்டும் தெரியும். அவள் வாய் திறக்கவில்லை, காரணம் இருந்தது. மில்லில் காது போனவர்களைத் தறியிலிருந்து எடுத்து முற்றம் பெருக்கப் போட்டுவிடுவார்கள். வருடா வருடம் வைத்தியர் வந்து சோதிப்பார். அவர் செய்யும் சோதனை, ஆளை எதிரில் நிறுத்திவைத்து மெதுவாக ஏதாவது சொல்வது, இவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தறிக்காரனை முகத்துக்கு நேரே நிறுத்தி வைத்துக்கொண்டு கிசுகிசுத்தால்? மாமா ஒரு சொல் விடாமல் ஒப்பித்துவிட்டு வருவார். "உனக்குப் பாம்புக் காதுய்யா" என்று அந்த மகானுபாவர் முதுகில் தட்டி அனுப்புவாராம். இதைச் சொல்லிச் சொல்லி அத்தை கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் அந்த நீரைத் துடைக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

பிறகு வந்தது, ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கரோடு ஒரு செட். அதன் முகப்பில் பச்சையும் சிவப்புமாக விளக்குகள் பாட்டுக்கு ஏற்ப எகிறி எகிறி இறங்கும். மாமா அதன் முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். ரசனை என்று நினைத்தோம். அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பாட்டு எங்கே ஏறுகிறது, எங்கே முடிகிறது என்பது அந்த விளக்கிலிருந்துதான் அவருக்குத் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் வந்து "சத்தத்த கொஞ்சம் கம்மி பண்ணுங்க சார், மனுஷன் தூங்க வேணாமா" என்று சண்டை போட்டார். அத்தை எழுந்துபோய்க் குமிழைக் குறைத்துவிட்டு மாமாவின் எதிரில் வந்து நின்று, வாயசைத்து, விஷயத்தைச் சொன்னாள். எது சொல்வதானாலும் அவள் முதலில் மாமாவின் எதிரில் வந்து நிற்பாள். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி.

இதெல்லாம் அத்தானுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அந்த வீட்டுச் சாப்பாடு, துணி, பள்ளிக்கூடம் எல்லாமே மில் போட்ட பிச்சை. ஆனால் மகன் மில் வாசலைக்கூட மிதிக்கக் கூடாது என்பதில் மாமா பிடிவாதமாக இருந்தார். வெளியூரில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். விடுமுறைக்கு வரும்போது அப்பாவும் அம்மாவும் சத்தமில்லாமல் வாயசைப்பதைப் பார்த்த பிள்ளை, தாய்தகப்பனுக்கு ஏதோ முணுமுணுக்கும் வியாதி என்று நினைத்துக்கொண்டு நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வருவதையே நிறுத்திவிட்டது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மில் எப்படிப் பேசும் என்பது மில் சோறு தின்ற வீட்டுக்கே தெரியாமல் போனது.

மாமா ஓய்வு பெற்ற பிறகு மறைக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. செவிடு என்று எல்லாருக்கும் தெரிந்தது. காதில் மாட்டும் கருவி ஒன்றை அத்தான் வாங்கிக் கொடுத்தார், அந்த மரியாதை அப்போது இருந்தது. மாமா மாட்டிப் பார்த்துவிட்டு ஒரே நாளில் கழற்றினார். "தறி சத்தம்தான் திரும்ப வருது. பேச்சு வரல" என்றார். வைத்தியரும், தறியில் போன காதுக்கு அவ்வளவுதான் முடியும் என்றார். கருவி அலமாரிக்குள் போனது. வீட்டில் எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இனி இவருக்கு ஒன்றும் எட்டாது. சாப்பிட வா என்றால் கையைக் காட்டினார்கள், குளி என்றால் வாளியைக் காட்டினார்கள். அத்தை மட்டும் பேசினாள், அது புருஷன் பெண்டாட்டிக்குள் ஓடும் ஏதோ ஜாடை என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

அப்புறம் அத்தை போனாள்.

அது நடந்து சில வாரம் கழித்து, மதியம், மொட்டை மாடியில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மாமா ஏறி வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். காது போனவர்கள் பேசுகிற மாதிரி, அளவு தெரியாத குரலில் பேசினார்.

"உங்கக்கா இன்னிக்கு ஒண்ணு சொன்னா. அவங்க போனதுக்குப் பதிலா இவரு போயிருக்கலாம், அவங்களாவது வீட்டு வேலை பாப்பாங்கன்னு."

கையிலிருந்த சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "உங்ககிட்டயா சொன்னாங்க?"

"எங்கிட்ட எதுக்குச் சொல்றா? உங்கத்தான்கிட்ட சொன்னா. நான் எதிர்லதான் உக்காந்திருந்தேன்."

எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. என் அம்மாவுக்கும் அந்த வாய்ப் பேச்சு வரும், எனக்கே அரைகுறையாகப் பிடிபடும். ஆனால் இந்த வீட்டில் இத்தனை நாளாக இவரை நாற்காலி மேசையாக நினைத்துக்கொண்டு இவர் முகத்துக்கு நேரே அத்தனையும் பேசுகிறார்கள், இவர் அத்தனையையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை நான் யோசித்ததே இல்லை. "அத்தான் என்ன சொன்னாரு?" என்று அவர் எதிரில் போய் நின்று கேட்டேன்.

"அதுதான் தெரியல. அவன் முதுகு என் பக்கம் இருந்துச்சு."

நான் பொறுக்கமாட்டாமல், "இப்பவே கீழ போய், எனக்கு எல்லாம் புரியுதுன்னு சொல்லிடுங்க மாமா" என்றேன்.

"சொன்னா அதுக்கப்புறம் எனக்காகப் பேசுவாங்க. அது எதுக்கு எனக்கு? நான் இல்லாத எடத்துல எம்புள்ள எனக்காக ஒரு வார்த்த பேசறானான்னு பாக்கணும். இப்ப நான் இருக்கற எடமே நான் இல்லாத எடம்தான். வசதியாப் போச்சு." சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "நீ வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு." கையை நீட்டி வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்.

அன்றிலிருந்து மாமா கூடத்து மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அந்த மூலையிலிருந்து பார்த்தால் சாப்பாட்டு மேசை தெரியும், சமையலறை வாசல் தெரியும், அத்தான் செருப்பு மாட்டும் இடம் தெரியும். யாருடைய வாயும் தப்ப முடியாது. காலையில் உட்கார்ந்தால் படுக்கப் போகும்வரை அங்கேதான். மருமகளுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. "கோட்டான் மாதிரி உக்காந்துகிட்டு என்னத்த பாக்கறாரோ" என்பாள், அவர் முன்னாலேயே, காய் நறுக்கியபடி. அவள் பேசுவது தெளிவாக, வேகமாக இருக்கும். மாமாவுக்கு ஒரு சொல் சிதறாது. பேத்தியின் காதில் எந்நேரமும் பாட்டு கேட்கும் இரண்டு வெள்ளைப் பொத்தான்கள் செருகியிருக்கும். அவள் பேசுவதே குறைவு, பேசினாலும் பாதியை விழுங்கிவிடுவாள். அத்தான்தான் பிடிபடவில்லை. மனைவி அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் தண்ணீர் குடிக்கப் போவார், சன்னல் பக்கம் திரும்புவார், செல்போனில் குனிவார். பதில் ஏதோ சொல்வார். மாமாவுக்குத் தெரிவது பிடரி.

"கெட்ட வார்த்தையா இருந்தா எதுக்கு முதுகு காட்டணும்? நல்லதத்தான் சொல்றான் போல. பொண்டாட்டிக்குப் பயந்து மெதுவா சொல்றான்" என்று என்னிடம் சொல்வார். அத்தான் சொன்ன பதில்களில் சிலதை மாடிப்படியில் நின்று நான் கேட்டிருக்கிறேன். "பாக்கலாம்", "இப்ப என்ன அவசரம்", "நீ சொல்றதும் சரிதான்." வெண்ணெய் தடவிய பேச்சு, எந்தப் பக்கமும் வழுக்கும். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அந்த மனிதருக்கு முதுகெலும்பு இருக்கும் இடத்தைத்தான் மாமா தினமும் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே ஒன்றும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் அந்த வீட்டுக்குப் புது ஸ்பீக்கர்கள் வந்தன. உள்ளங்கை அளவுக்கு உருண்டையாக, அறைக்கு ஒன்று. இன்ன பாட்டு போடு என்றால் போடும், மழை வருமா என்றால் சொல்லும். அதோடு, ஒரு அறையில் இருப்பவர் பேசினால் எல்லா அறையிலும் கேட்கும். மருமகளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சமையலறையில் நின்றபடியே "சாப்பாடு ரெடி" என்பாள், வீடு முழுக்க அவள் குரல் கேட்கும், அத்தானும் பேத்தியும் தங்கள் அறையிலிருந்து வருவார்கள். யாரும் யார் எதிரிலும் வந்து நின்று பேச வேண்டியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டே குடும்பம் நடத்தலாம்.

மாமாவுக்கு இத்தனை காலம் எஞ்சியிருந்தது மனிதர்களின் வாய். இப்போது அந்த வீட்டில் குரல்கள் இருந்தன, வாய்கள் இல்லை. பல நாள் அவர் மேசைக்கு வரும்போது எல்லாரும் கை கழுவியிருப்பார்கள். ஆறிப்போனதைப் போட்டு வைத்துவிட்டு, "நேரத்துக்கு வரமாட்டாரு, அவ்ளோ திமிரு" என்று மருமகள் சுவரைப் பார்த்துச் சொல்வாள். ஒரு நாள் அவர் அந்த உருண்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். "இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ரேடியோவைத் தெருவுக்கே திருப்பி வைத்த மனிதர்.

அடுத்து அத்தானுக்கு ஆசை பெருத்தது. கூடத்தையே சினிமாக் கொட்டகை ஆக்கிவிடுவது என்று முடிவு செய்தார். சுவரை அடைத்துத் திரை, முன்னால் மூன்று, பின்னால் இரண்டு ஸ்பீக்கர், அடித்தொண்டைச் சத்தத்துக்குத் தனியாக ஒரு பெரிய பெட்டி. பொருத்துகிறவர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் அளவு நாடா. கூடத்தை நீளவாக்கில் அளந்தார், குறுக்கே அளந்தார், கையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கடைசியில் மாமாவின் மூலைக்கு வந்து நின்றார்.

"பெரிய பாக்ஸ் இங்கதான் சார் வரணும். வேற எங்க வெச்சாலும் சவுண்டு ஒடையும். இந்தச் சேர எடுத்துடலாமில்ல?"

"எடுத்துடலாம்" என்றாள் மருமகள்.

சேரில் ஆள் உட்கார்ந்திருந்தது. பொருத்துகிறவருக்குச் சங்கடமாகிவிட்டது, மாமாவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். மாமா தானே எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும் பின்னறைக்குப் போனார். அங்கே உட்கார்ந்து பார்த்தால் சுவர் தெரியும். அத்தான் அப்போது திரை எத்தனை அடி என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பின்னறையோடு விட்டார்களா என்றால் இல்லை. துவைக்கும் இயந்திரத்தின் அதிர்வில் அவருக்குத் தூக்கம் இல்லை, அவர் இருமலில் பேத்திக்குப் படிப்பு இல்லை, அவர் அளவு தெரியாமல் கத்திப் பேசுவதில் யாருக்கும் நிம்மதி இல்லை என்று மருமகள் வரிசையாக அடுக்கினாள். ஊருக்கு வெளியே வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லம் இருக்கிறதாம், தோட்டம் இருக்கிறதாம், நேரத்துக்குச் சாப்பாடாம். உருண்டை ஸ்பீக்கர் வழியாக அறைக்கு அறை அந்தப் பேச்சு ஓடியது. மாமாவுக்கு அது முழுதாகத் தெரியாது, அரசல் புரசலாகத் தெரியும். "எங்கயோ எடம் பாக்கறாங்க போல" என்றார் என்னிடம். "அவன் ஒத்துக்கமாட்டான்." இதைச் சொல்லும்போது அவர் என் வாயைப் பார்க்கவில்லை. பதில் வேண்டாம் என்று அர்த்தம்.

கூடம் தயாரான ஞாயிற்றுக்கிழமை காலை, சோதித்துப் பார்க்க எல்லாரையும் கூப்பிட்டார்கள். நானும் இறங்கிப் போனேன். பெரிய பெட்டி மாமாவின் மூலையில் கருகருவென்று உட்கார்ந்திருந்தது. பொருத்துகிறவர் ஏதோ சண்டைக்காட்சியைப் போட்டார். தரை அதிர்ந்தது, சன்னல் கண்ணாடி நடுங்கியது. அந்த அதிர்வு பின்னறை வரை போயிருக்க வேண்டும். மாமா எழுந்து வந்தார். வந்தவர் நேரே பெட்டிக்குப் போய் அதன் தலையில் உள்ளங்கையை வைத்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு சத்தம் அவரை வந்து சேர்ந்திருக்கிறது. "நல்லாயிருக்குடா! தறிக்கூடம் மாதிரியே இருக்கு!" என்று கூவினார். பேத்தி பக்கென்று சிரித்தாள்.

அத்தானுக்கு அப்பா பாராட்டியதில் பெருமை. படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் அருகில் போனார். எனக்குத் தெரிந்து அத்தை போன பிறகு முதல் முறையாக, அப்பாவின் எதிரில், முகத்துக்கு முகம் நின்றார். தோளில் கை வைத்தார். சன்னல் வெளிச்சம் அத்தானின் முகத்தில் நன்றாக விழுந்திருந்தது. மாமாவின் கண் சட்டென்று மகனின் வாய்க்கு இறங்கியதை நான் பார்த்தேன்.

"அந்த இல்லத்துல என்னதான் சொன்னீங்க? மறுபடி போன் பண்ணாங்க" என்று பின்னாலிருந்து மருமகள் கேட்டாள்.

அத்தான் திரும்பவில்லை. அப்பாவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தபடி, குழந்தையைக் கொஞ்சுகிற முகத்தோடு, மனைவிக்குப் பதில் சொன்னார்.

"அடுத்த வாரமே கொண்டு விட்டுடலாம். என்னான்னு சொன்னா அழுது கலாட்டா பண்ணுவாரு. கார்ல ஊர் சுத்தப் போறோம்னு காட்டினா போதும், குழந்தை மாதிரி ஏறி உக்காந்துக்குவாரு. இல்லப்பா?"

கடைசிச் சொல்லைச் சொல்லித் தோளில் தட்டினார். மாமாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சிரிப்பு இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"கார் எதுக்குப்பா?" என்றார் மாமா. "நான் பஸ்ஸுல போயிக்கறேன்."

பொருத்துகிறவர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். பேத்தி காதிலிருந்த பொத்தானைப் பிடுங்கினாள். மருமகளின் முகத்தில் ரத்தம் இல்லை. அவளுக்கு ஞாபகத்தில் எதெது ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கோட்டானிலிருந்து, அத்தைக்குப் பதில் இவர் போயிருக்கலாம் என்றதுவரை எல்லாம் ஓடியிருக்கும். "அப்ப... இத்தன நாளா நாங்க பேசினது..." என்று ஆரம்பித்தவள், மாமா தன் வாயைப் பார்ப்பதைக் கண்டதும் புடவைத் தலைப்பால் அதை மூடிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

"எல்லாம் புரியும்" என்றேன் நான். சத்தியமும் கித்தியமும் அந்த நிமிஷத்தோடு தீர்ந்தது. "மில்லுல பாதி வாழ்க்கைய இப்படித்தான் பேசியிருக்காரு. நீங்க ஒரு நாள்கூட அவரக் கேட்கல அத்தான். உங்க வாயிலேருந்து தனக்காக ஒரு வார்த்த வருமான்னு அந்த மூலையில உக்காந்து பாத்துகிட்டே இருந்தாரு."

அத்தான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. அப்படியே சோபாவில் சரிந்தார். கைக்குள்ளிருந்து குழறலாக, ஆனால் எனக்குத் தெளிவாகவே கேட்டது.

"போவாதீங்கப்பா... தப்புப்பா... எங்கயும் போவாதீங்கப்பா."

மாமா குனிந்து அந்தக் கைகளைப் பார்த்தார். இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன சொல்றான்?" என்று கேட்டார்.

"போகாதீங்கங்கறாரு மாமா. தப்புங்கறாரு."

"நீ சொல்ற. அவன் சொல்லட்டும்."

"அத்தான், கைய எடுங்க" என்று கத்தினேன். "எடுத்துட்டு இன்னொரு தடவ சொல்லுங்க. அவரு பாக்கணும்."

அத்தான் கையை எடுத்தார். உள்ளேயிருந்து மருமகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் அவளைப் பார்த்தார், மூலையில் இருந்த புதுப் பெட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அப்பா எதிரில் நின்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை சொன்னதை இன்னொரு முறை சொல்ல அத்தானால் முடியவில்லை.

மாமா அவசரப்படவில்லை. நேரம் கொடுத்தார். கொடுத்துப் பார்த்துவிட்டு, சட்டை போட்டு வரப் பின்னறைக்குப் போனார்.